தேறுதல் சாட்சியாகாது: தண்டுவட சார்காய்டோசிஸும் காசநோயும்

உறுப்புகளில் அழற்சி முடிச்சுகள் தோன்றும் சார்காய்டோசிஸ் கண்டவர்களில் நரம்பு மண்டலம் பாதிக்கப்படுவோர் நூற்றுக்கு 5 முதல் 10 பேர்தான். அவர்களிலும் தண்டுவடம் தாக்கப்படுவோர் சிலரே. எனவே திண்டுக்கல் சமவெளியில் கால் மரத்து, நடை தளர்ந்து, சிறுநீர் அடைத்துக்கொண்டு ஒருவர் வந்தால், மருத்துவர் முதலில் காசநோயை நினைப்பது சரியே. பிழை அடுத்த படியில் நுழைகிறது. காசநோய் மாத்திரையோடு ஸ்டீராய்டும் கொடுத்து, ஒரு மாதத்தில் அவர் எழுந்து நடந்தால் ‘காசநோய்தான்’ என்று எழுதுகிறோம். ஸ்டீராய்டு மட்டும் கொடுத்துத் தேறினால் ‘சார்காய்டு’ என்கிறோம். ஆனால் ஸ்டீராய்டுக்கு சார்காய்டும் இளகும், பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகாவும் இளகும், நிணநீர்ப் புற்றான லிம்போமாகூடச் சில வாரம் சுருங்கிக் காட்டும். காசநோயாளிக்கு வீட்டிலேயே சிகிச்சை தரலாம் என்று 1959இல் சென்னை ஆய்வு உலகுக்குக் காட்டியதே, சானட்டோரியத்தில் இருந்தவர்களோடு ஒப்பிட்டுத்தான். ஒப்பீடில்லாத தேறுதல், தேறியது எந்த நோய் என்று சொல்லாது.

எம்ஆர்ஐ இதைவிட நல்ல சாட்சி. சார்காய்டில் பெரும்பாலும் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கும் மேலாகத் தண்டுவடம் வீங்கியிருக்கும். மருந்து செலுத்தி எடுத்த குறுக்குவெட்டில் பின்புற விளிம்பும் நடுக்கால்வாயும் சேர்ந்து ஒளிர்ந்து திரிசூலம் போலத் தெரியலாம். அந்த ஒளிர்வு இரண்டு மாதம் தாண்டியும் நீடித்தால் சந்தேகம் நியூரோமைலைட்டிஸை விட்டு சார்காய்டு பக்கம் சாயும். ஆயினும் தண்டுவட உறையைப் பற்றிய காசநோயும் விளிம்பில் ஒளிரக்கூடியது. முதுகுத் தண்டு நீரில் புரதமும் லிம்போசைட்டும் கூடுவது இரண்டிலும் உண்டு; சர்க்கரை குறைவதும் அப்படியே. ரத்தத்தில் ஏசிஇ நொதியின் அளவு பார்ப்பது பெரும்பாலும் பணச்செலவு. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ சோதனை மட்டும் ஓரளவு பேசும்: அது பலமாகத் தடித்தால் சார்காய்டுக்கு எதிரான சான்று, தடிக்காவிட்டால் எதையும் விலக்கிவிடாது.

ஆகவே திசு வேண்டும். 2018இல் நரம்பியல் வல்லுநர் குழு வகுத்த அளவுகோலும் இதையே சொல்கிறது: பிற நோய்களை விலக்கிய பின், நரம்புத் திசுவில் கிரானுலோமா எனும் அழற்சி முடிச்சு கண்டால் ‘உறுதி’, வேறு உறுப்பில் கண்டால் ‘பெரும்பாலும்’, எங்கும் காணாவிட்டால் ‘சாத்தியம்’. தண்டுவடத்தைக் கீறுவது ஆபத்து. மார்பு சிடி எடுத்து நெஞ்சக நிணநீர்க்கணுவைத் தேடுவதும், தோலையும் கண்ணையும் பார்ப்பதும் எளிது. கண் பரிசோதனைக்கு மதுரை பக்கம்தான். கணுவில் உள்ள கிரானுலோமா காசநோயாகவும் இருக்கலாமே என்பார்கள். உண்மை; ஊசியில் வரும் துணுக்கில் பாலாடைக்கட்டி போன்ற அழுகல் சிக்காமலே போகலாம். அதனால்தான் துணுக்கை இரண்டாக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் வளராது. ஒரு பாதி ஃபார்மலினுக்கு, மறுபாதி உப்புநீரில், காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன் எக்ஸ்பர்ட்டுக்கும் கல்ச்சருக்கும்.

இந்த முடிவுகள் வரும்வரை தண்டுவடம் காத்திருக்குமா என்பது கனமான மறுப்பு. கல்ச்சர் முடிய ஆறு வாரம்கூட ஆகும். கால் விழுந்துகொண்டிருக்கும்போது காத்திருக்கச் சொல்வது கொடுமை. திசு எடுப்பது சில நாள் வேலை. எடுத்தபின் காசநோய் மருந்தின் காவலில் ஸ்டீராய்டு தொடங்கலாம். கேஸ் ஷீட்டில் ‘சாத்தியம்’ என்றே எழுதி, கல்ச்சர் வந்தபின் திருத்தலாம். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கு இது எட்டாத காரியமல்ல. கணு எடுக்கும் அறையில் ஃபார்மலின் புட்டிக்குப் பக்கத்தில் உப்புநீர்ப் புட்டி ஒன்றும் இருக்கட்டும்.