'மாநில விருப்பம்' யாரை வெளியே நிறுத்தியது?

அமெரிக்காவில் 'மாநில உரிமை' என்ற சொல்லைக் கறுப்பின மக்கள் ஏன் சந்தேகத்தோடு கேட்கிறார்கள்? மருத்துவக் காப்பீட்டின் வரலாற்றை வாசித்தால் நமக்கு விடை கிடைக்கும்.

1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வயல் கூலிகளையும் வீட்டு வேலை செய்வோரையும் விலக்கியது. தெற்கே கறுப்பினத்தவர் பெரும்பாலும் செய்த வேலைகள் இவைதாம். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை, தேவையும் இருக்கவில்லை. 1965இல் ஏழைகளுக்காக வந்த மெடிக்கெய்டு திட்டத்திலும், யாருக்குக் கொடுப்பது என்பதில் பெரும்பகுதி முடிவு மாநிலங்களின் கையிலேயே விடப்பட்டது.

2010இல் ஒபாமா அரசின் சட்டம் இரண்டு வழிகளைத் திறந்தது. மிக ஏழைகளுக்கு விரிவாக்கப்பட்ட மெடிக்கெய்டு. அவர்களுக்குச் சற்று மேலே இருப்போருக்கு மானியத்தோடு காப்பீட்டுச் சந்தை. ஆனால் 2012இல் உச்ச நீதிமன்றம், விரிவாக்கத்தை ஏற்பது மாநிலங்களின் விருப்பம் என்றது. முதல் மூன்று ஆண்டுச் செலவு முழுவதையும் வாஷிங்டனே ஏற்கும் என்றபோதும் தென் மாநிலங்கள் பல மறுத்தன.

விளைவு என்ன? சந்தை மானியம் வறுமைக்கோட்டில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே உள்ளவர்களை மெடிக்கெய்டு பார்த்துக்கொள்ளும் என்பது சட்டத்தின் கணக்கு. மறுத்த மாநிலத்தில் அவர்களில் பலருக்கு இரண்டும் இல்லை. ஏழைக்கு மானியம் கிடைக்காது. அவரைவிடச் சற்றுக் கூடுதலாகச் சம்பாதிப்பவருக்குக் கிடைக்கும்! டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி இன்னும் விரிவாக்கத்தை ஏற்கவில்லை. இந்தப் பள்ளத்தில் விழுந்தவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிட அதிகம். வெள்ளை ஏழைகளும் கூடவே விழுந்தார்கள்.

சந்தையின் ஆயுளையும் தேர்தலே தீர்மானித்தது. கென்டக்கி 2013இல் 'கைனெக்ட்' என்ற சொந்தச் சந்தையைத் திறந்தது. 2015 தேர்தலில் வென்ற ஆளுநர் மாட் பெவின் அதை மூடினார். 2019இல் அவரைத் தோற்கடித்த ஆண்டி பெஷியர் மீண்டும் திறந்தார். ஓக்லஹோமாவிலும் மிசௌரியிலும் ஆட்சியாளர்கள் மறுத்ததை 2020இல் மக்கள் நேரடி வாக்கெடுப்பில் வென்றெடுத்தார்கள்.

தோழர்களே, டெல்லியின் அதிகாரக் குவிப்புக்கு எதிராக நாமும் மாநில உரிமை கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். ஆனால் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் போற்றியவர்களை அண்ணல் அம்பேத்கர் கடுமையாக மறுத்ததையும் மறக்கக் கூடாது. அதிகாரம் அருகில் வந்தால் மட்டும் அது நமக்கானதாகிவிடாது. ஒரு திட்டத்தின் அரசாணை கையில் கிடைத்தால், பயனாளிகள் யார் என்ற பத்தியோடு நிறுத்தாமல், தகுதி வரம்பில் எந்த வேலை, எந்த வருமானம், எந்த ஊர் விடுபட்டிருக்கிறது என்று தேடிப் படிப்போம்.