மாணவியா, ஊழியரா? 2021 மே 3 அறிவிப்பை மறுபடி வாசித்தல்

கொரோனாக் காலத்து நர்சிங் மாணவிகளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டு இழப்புகளையே பேசுகின்றன: மன அழுத்தம், ஆன்லைன் வகுப்பால் தடைபட்ட வார்டு பயிற்சி. இரண்டும் உண்மைதான். பொம்மைக் கையில் ஊசி போட்டுப் பழகியவர், நரம்பே பிடிபடாத முதியவரின் கையைப் பார்த்ததும் எப்படித் தடுமாறுவார் என்பதை எந்த வார்டு சிஸ்டரும் சொல்வார். ஆனால் இந்தப் பார்வை பெருந்தொற்றைப் படிப்பில் விழுந்த ஓர் இடைவெளியாக மட்டுமே காண்கிறது. படிப்பு முடியும் முன்பே கோவிட் வார்டுக்கு அனுப்பலாம் என்று கணக்கில் வைக்கப்பட்டவர்கள் அதன் கண்ணில் படுவதில்லை.

அவர்களைப் பற்றிய முதன்மைச் சான்று, இரண்டாம் அலை உச்சத்தை நெருங்கிய வேளையில், 2021 மே 3 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு. முதுநிலை நீட் தேர்வு குறைந்தது நான்கு மாதம் தள்ளிப்போனதற்காகவே அது பெரிதும் நினைவுகூரப்படுகிறது. அதன் அடுத்தடுத்த பத்திகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். இறுதியாண்டு மாணவர்களுக்கு அது ஒதுக்கிய வேலை, தொலைவிலிருந்து ஆலோசனை சொல்வதும் லேசான பாதிப்புள்ளோரைக் கண்காணிப்பதும். அதுவும் முறையான அறிமுகப் பயிற்சிக்குப் பிறகு, ஆசிரியர் மேற்பார்வையில். இறுதித் தேர்வுக்குக் காத்திருந்த பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். மாணவிகளுக்கோ அரசு, தனியார் மருத்துவமனைகளில் முழுநேரக் கோவிட் பணி. மூத்த ஆசிரியரின் மேற்பார்வை இங்கும் உண்டு. லேசான பாதிப்பு என்ற வரம்பு இல்லை, முன்பயிற்சி பற்றிய பேச்சும் இல்லை.

இரு தரப்பாருமே தேர்வு எழுதி முடிக்காதவர்கள். எம்.எஸ்சி. நர்சிங் மாணவிகள் ஏற்கெனவே பதிவு பெற்றவர்கள் என்பதை அதே அறிவிப்பு தனியே குறிப்பிடுகிறது. ஆகவே பதிவு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பது தெரியாமல் எழுதப்பட்ட வாசகம் அல்ல இது.

இதை ஓர் அனுமதியாகவே கொள்ள வேண்டும், கட்டாயமாக அல்ல என்று வாதிடலாம். எத்தனை மாணவிகள் உண்மையில் அனுப்பப்பட்டார்கள் என்பதை இந்த ஒரு சான்றைக் கொண்டு சொல்லவும் முடியாது. 100 நாள் பணி முடிப்போருக்கு அரசு வேலையில் முன்னுரிமையும் பிரதமர் பெயரிலான விருதும், பணியில் ஈடுபடுவோருக்குக் காப்பீடும் அறிவிக்கப்பட்டன. சம்பள விவரம் மாநிலங்களின் முடிவுக்கு விடப்பட்டது. ஆனால் ஹால் டிக்கெட்டும் இன்டர்னல் மதிப்பெண்ணும் கல்லூரியின் கையில் இருக்கும்போது, கல்லூரி கேட்கும் சம்மதத்தை மறுக்க ஒரு மாணவிக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும்?

மருத்துவ, நர்சிங் மாணவர்களுக்கு இடையிலான இந்த வேறுபாடு நெருக்கடி நேரத்து அவசரத்தில் பிறந்ததாகத் தோன்றவில்லை. மருத்துவ மாணவர் ரவுண்ட்ஸில் பேராசிரியருக்குப் பின்னால் நிற்கும் அதே வார்டில், நர்சிங் மாணவி படுக்கை மாற்றுகிறார், பி.பி. பார்க்கிறார், டெம்பரேச்சர் சார்ட் நிரப்புகிறார். சிஸ்டர் போடும் டியூட்டிப் பட்டியலில் அவரும் ஓர் ஆள். இது இந்தியாவுக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. மருத்துவமனைகள் மாணவிகளின் உழைப்பில் ஓடுவதை, நர்சிங் கல்வி குறித்த அமெரிக்காவின் கோல்ட்மார்க் அறிக்கை 1923-லேயே கண்டித்தது. பெருந்தொற்று, வழக்கமாக நடந்துவந்ததை அரசுத் தாளில் எழுத வைத்தது, அவ்வளவே.

உயிர்கள் போய்க்கொண்டிருந்தபோது உரிமை பேசலாமா என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. அதே நெருக்கடியில்தான் பிரிட்டனின் செவிலியர் ஒழுங்குமுறை மன்றம் 2020 மார்ச்சில் அவசரகாலத் தரநிலைகளை வெளியிட்டது. முதலாண்டு மாணவர்களின் களப்பயிற்சி நிறுத்தப்பட்டது. படிப்பின் கடைசி ஆறு மாதத்தில் இருந்தோர் விரும்பினால் பணிக்கு வரலாம், வந்தால் சம்பளம் உண்டு என்பது அங்கே முதலிலேயே தெளிவாக்கப்பட்டது.

அனுபவம் கிடைத்ததே என்ற சமாதானமும் நிற்காது. பி.எஸ்சி. நர்சிங் மாணவி அப்போதைய பாடத்திட்டப்படி 20 சுகப்பிரசவம் பார்த்துக் கையேட்டில் பதிந்தாக வேண்டியிருந்தது. கோவிட் வார்டில் எத்தனை ஆக்ஸிஜன் மாஸ்க் மாட்டினாலும் அந்தப் பக்கம் நிரம்பாது.

ஆகவே ஆய்வாளர்கள் மன அழுத்த அளவுகோல்களோடு அந்த மாதங்களின் டியூட்டிப் பட்டியல்களையும் கேட்டு வாங்க வேண்டும். மாணவியரின் அவசரகாலப் பணிக்கு எழுத்துப்பூர்வ சம்மதம், ஊதியம், விடுபட்ட பயிற்சியை ஈடுசெய்யும் கால அவகாசம் ஆகிய மூன்றையும் இந்திய நர்சிங் கவுன்சில் அடுத்த தொற்றுக்கு முன்பே விதியாக்க வேண்டும்.