அவர்கள் இரவில் எங்கே தங்கினார்கள்?

கண்டி நகரை மூன்று புறமும் வளைத்துச் செல்கிறது மகாவலி கங்கை. அந்நதியின் கரையில், மூங்கிற் புதர்களின் நிழலில், சிறியதொரு விடுதி இருக்கிறது. சென்ற ஆண்டு ஆசிரியர் கருத்தரங்கு ஒன்றின் பொருட்டு அங்கே ஓர் இரவு தங்க நேர்ந்தது. என் ஊதியத்தில் நான் தங்கக்கூடிய இடம் அன்று அது. கருத்தரங்கை நடத்தியவர்கள் செலவை ஏற்றுக்கொண்டனர். இரவு முழுவதும் ஆற்றின் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. அமைதியை அங்கே விலைக்கு விற்கிறார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

முன்மண்டபத்துச் சுவரில் பழைய புகைப்படங்கள் மாட்டப்பட்டிருந்தன. தொப்பியணிந்த துரைமார், குதிரைகள், பங்களாக்கள், தேயிலைப் பெட்டிகள். கொழுந்துக் கூடை சுமந்த பெண்ணொருத்தியின் படமும் இருந்தது. துரைமாரின் படங்களுக்குக் கீழே பெயர்கள் இருந்தன. அவள் படத்தின் கீழே எதுவும் இல்லை.

மறுவாரம் எல்கடுவைக்குத் திரும்பி, பத்தாம் வகுப்பில் பெருந்தோட்டங்களின் தோற்றத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். மன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து வந்ததைச் சொன்னபோது, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், நம்ம ஆளுங்க நடந்து வந்தப்போ, ராத்திரி எங்க சேர் படுத்தாங்க?” என்று கேட்டாள். பாடநூலில் விடை இல்லாத கேள்வி அது. இக்கட்டுரை அவளுக்கு நான் சொல்ல முயன்ற விடையேயாகும்.

வழிப்போக்கனுக்கு இடமளித்தல் நம் நாடுகளில் நெடுங்காலம் அறமாகவே கருதப்பட்டது. சிங்களக் கிராமப் பாதைகளில் இன்றும் காணப்படும் பழைய ‘அம்பலம’ நம் அம்பலம் என்னும் சொல்லோடு உறவுடையது. நான்கு தூண், ஒரு கூரை, குடிக்கத் தண்ணீர்ப் பானை. கூலி கேட்பார் இல்லை. தமிழகத்திலே சத்திரமும் சாவடியும் தண்ணீர்ப் பந்தலும் அவ்வேலையைச் செய்தன. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோசி 1802இல் ஒரத்தநாட்டில் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் அத்தகைய நிலையங்களுள் புகழ்பெற்றது.

ஆயினும் பழமையைப் பொன்னால் பூசுவது நம் வேலையன்று. சத்திரங்களின் அறம் நிலமானிய சமுதாயத்தின் அறம். அதற்குச் சாதி என்னும் எல்லை உண்டு. பொதுவாகச் சமையலும் பந்தியும் சாதி பார்த்தே நடந்தன. இலங்கைக்குப் புறப்பட்ட கூட்டத்தில் பெரும் பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்ற உழவர். இராமேசுவரத்துக்கும் தொண்டிக்கும் செல்லும் வழியிலேயே, எத்தனை திண்ணைகள் அவர்களுக்குத் திறந்திருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானது. தேசாதிபதி எட்வேர்ட் பாண்ஸ் காலத்தில் கொழும்பு-கண்டி வீதி அமைந்தது. அவ்வீதியை வெட்டியோர் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்துக்கு இழுத்து வரப்பட்ட சிங்களக் குடியானவர்கள். இராசகாரியம் 1832ஆம் ஆண்டு ஆணையால் ஒழிக்கப்பட்டது, வீதிகளோ நிலைத்தன. வீதிகளை ஒட்டி, பயணஞ்செய்யும் அதிகாரிகளுக்கென வாடிவீடுகள் எழுந்தன. கட்டிலும் மேசையும் சமையற்காரனும் கொண்ட வீடுகள் அவை. அம்பலத்துக்கும் வாடிவீட்டுக்கும் உள்ள வேறுபாடு கட்டிடத்தில் மட்டும் இல்லை. முன்னது வழியில் வந்தவனுக்கு உரியது. பின்னது பதவியும் பணமும் உடையவனுக்கு உரியது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உறுதி காட்ட இயலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியதாக்கிற்று. மலைகள் கோப்பித் தோட்டங்களாக மாறின. 1848இல் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி. போதாதென்று வீதி வரி: ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பு, அல்லது அதற்கு ஈடான பணம். மாத்தளை கிளர்ந்தெழுந்தது. தலைவர்களுள் ஒருவரான வீர புரன் அப்பு அவ்வாண்டு ஆகத்து 8ஆந் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நிலத்தை இழந்த சிங்களக் குடியானவனும், நிலமேயின்றிக் கடல் கடந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே சுரண்டலின் இரு முனைகள். இவ்வுண்மையை மறைத்து அவர்களை எதிரிகளாக நிறுத்தியதால் இலாபம் அடைந்தவர் யார் என்பதைப் பின்வந்த வரலாறு காட்டும்.

அவ்வாறு வந்தவர்கள் நடந்த பாதையே வடபாதை. மன்னாரில் இறங்கி, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை 200 கிலோமீற்றருக்கு மேல் நடந்தார்கள். வறண்ட காடு, கலங்கிய குளத்து நீர், வாந்திபேதி, காய்ச்சல். நடக்க இயலாதவர் வழியிலேயே விடப்பட்டனர். 1840களில் வந்தோருள் 70,000 பேர் வரை மாண்டனர் என 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று கணக்கிட்டது. இத்தொகை மிகையானது எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் வாதிப்பர். எண்ணைப் பற்றி விவாதிக்கலாம். இறந்தவர்களை எண்ணி வைக்க அன்று எவரும் அக்கறை கொள்ளவில்லை என்பதில் விவாதமில்லை.

தேசாதிபதி ஹென்றி வார்ட் காலத்தில், 1858இல், குடிவரவுத் தொழிலாளருக்கான ஆணைக்குழு அமைந்தது. அதன் பின்னரே வடபாதையில் தங்குகொட்டகைகளும் கிணறுகளும் மருத்துவ நிலையங்களும் வரலாயின. இதனைக் கருணை என்று மட்டும் கொள்ளலாமோ? கோப்பி பறிக்க ஆள் வராமற் போனால் தோட்டம் அழியும். மாட்டுக்குக் கொட்டில் கட்டும் விவேகமே ஆளுக்குக் கொட்டகை கட்டிற்று. 1867இல் புகைவண்டி கண்டியை அடைந்தது. 1880இல் மாத்தளையை அடைந்தது. கோப்பி மூட்டை வண்டியிலேறிக் கொழும்புக்குச் சென்ற காலத்திலும், அதைப் பறிக்கும் மனிதர் கால்நடையாகவே வந்துகொண்டிருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் வடபாதை மூடப்பட்டது.

பாதை முடிந்த இடத்தில் லயம் தொடங்கியது. 12 அடி நீளம், 10 அடி அகலம். முன்னே ஒரு குறுகிய தாழ்வாரம். ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. மேலே, காற்றும் காட்சியும் நிறைந்த மேட்டில், துரையின் பங்களா. ஒரே மலையில், ஒரே மழையில், ஓய்வு இரு வர்க்கங்களுக்கு இருவேறு அளவிற் பங்கிடப்பட்டது. கோப்பியை நோய் தின்றது, தேயிலை வந்தது. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992இல் தனியார் கம்பெனிகளின் நிருவாகம் வந்தது. இத்தனை மாற்றங்களிலும் மாறாது நின்றது லயத்துக் காம்பரா.

இப்பொழுது மலைநாட்டின் பங்களாக்கள் பல உல்லாச விடுதிகளாகிவிட்டன. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையே 1990களில் ஹோட்டலாயிற்று. எங்கள் எல்கடுவையை அடுத்த ஹுன்னஸ்கிரிய மலைச் சாரலிலும் அருவியருகே விடுதி உண்டு. கொழுந்து பறிப்பதைப் பார்ப்பது அங்கே பொழுதுபோக்கு. பறிப்பது எங்கள் மாணவரின் தாய்மாருக்கு நாட்கூலி.

விடுதிகளை மூடிவிட வேண்டும் என்பது என் வாதம் அன்று. மகாவலிக் கரையில் எனக்குத் தேநீர் கொண்டுவந்த இளைஞன் என் பழைய மாணவன். அவ்வேலையால் அவன் தங்கை படிக்கிறாள். வேலை வேண்டும். ஆனால் அவ்வேலைக்கு நியாயமான ஊதியமும், அவன் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு துண்டு நிலமும், சுவரில் தொங்கும் வரலாற்றில் அவன் முன்னோருக்கு ஒரு பெயரும் வேண்டாவா? 2015க்குப் பின் 7 பேர்ச் காணியில் தனிவீடு என்னும் திட்டம் தொடங்கியது. எனினும் லயங்களில் வாழ்வோர் இன்றும் ஏராளம். வருவோருக்கெல்லாம் இளைப்பாற இடம் கொடுக்கும் மலை, அதை உண்டாக்கியவர்களுக்கு மட்டும் இடம் கொடுக்கத் தயங்குகிறது.

ஆசிரிய நண்பர்களே, நாம் செய்யக்கூடியது சிறிது. ஆயினும் அதைச் செய்யலாம். அந்த மாணவியின் கேள்விக்குப் பின், வகுப்பாரிடம் அளவுநாடா ஒன்றைக் கொடுத்து, அவரவர் வாழும் அறையை அளந்து வரச் சொன்னேன். விடுதியில் நான் தங்கிய அறையைக் காலடியால் அளந்திருந்தேன். அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதினேன். அவர்கள் கொண்டுவந்த எண்களை அதன் கீழே எழுதினோம். ஏழு குடும்பங்களின் காம்பராக்களைக் கூட்டியபோதுதான் அந்த ஓர் அறைக்குச் சமமாயிற்று.

யாரும் பேசவில்லை. பிறகு அந்த மாணவி எழுந்து, தன் பாட்டியின் பாட்டி தம்புள்ளைக்கு அப்பால் ஒரு மரத்தடியில் பிள்ளை பெற்றதாக வீட்டிலே சொல்வார்கள் என்றாள். எந்த மரம், எந்த ஊர் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டு எழுதி வரும்படி சொல்லியிருக்கிறேன். கேட்பதற்கு உரிய முதியவர்கள் இன்னும் சிலரே இருக்கிறார்கள்.