வேலைக்கான மொபைலில் சிம்முக்கும் பூட்டு வேண்டும்

தொழிலுக்கென்று தனி மொபைல் வாங்குகிறோம். விரல் ரேகை, பேட்டர்ன் எல்லாம் வைத்துவிட்டு இனி பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் அது தொலைந்தால், எடுத்தவர் சிம்மை உருவி வேறொரு மொபைலில் போட்டாலே போதும்; வங்கி அனுப்பும் ஓடிபி அவர் கைக்குப் போய்விடும். நம் எண்ணில் வாட்ஸ்அப்பைத் திறந்து வாடிக்கையாளர்களிடம் பணமும் கேட்கலாம்.

இதைத் தடுப்பது சிம் பின். செட்டிங்ஸில் 'சிம் லாக்' என்று தேடுங்கள். முதலில் கேட்பது சிம்மோடு வந்த பழைய பின்; அதைத் தெரிந்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும். 3 முறை தவறினால் சிம் பூட்டிக்கொண்டு 8 இலக்க பியுகே எண்ணைக் கேட்கும். அதையும் 10 முறை தவறவிட்டால் புது சிம்தான். ஊகித்துப் பார்க்கும் வேலை இங்கே ஆகாது. வாட்ஸ்அப்பின் 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' 6 இலக்க பின்னையும் அன்றே போட்டுவிடுங்கள்.

*#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை பில்லின் மேல் எழுதி வையுங்கள். (பலர் அதையும் அதே மொபைலில்தான் சேமிக்கிறார்கள்!) தொலைந்தால் உடனே சிம்மை முடக்குங்கள். பிறகு காவல் நிலையப் புகார் நகலோடு, மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்து மொபைலையும் முடக்கலாம். இரண்டு சிம் போடும் மொபைல் என்றால் ஐஎம்இஐ எண்களும் இரண்டு இருக்கும்.