முன்பணமும் கல்விக்கடனும்

ஒரு காலத்தில் பேகம்பூர் தோல் ஷாப்புகளில் வேலைக்குச் சேர்வது என்றால் முன்பணம் வாங்குவது என்றே பொருள். கல்யாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய தொகைக்கு முதலாளியிடம் சீட்டு எழுதிக் கொடுத்துக் கைநாட்டு வைக்க வேண்டும். கடன் தீராமல் வேறு ஷாப்புக்குப் போக முடியாது. பெற்றவர் வாங்கிய கடனுக்குப் பிள்ளை சுண்ணாம்புக் குழியில் இறங்கினான். திண்டுக்கல் தோல் தொழிலாளர்களின் இந்த அடிமைத்தனத்தையும், அதை எதிர்த்துச் சங்கம் கட்டிய போராட்டத்தையும் டி.செல்வராஜ் ‘தோல்’ நாவலாக்கினார். 2012-ல் அதற்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

ஹைதர் அலியின் தங்கை பெயரால் பேகம்பூர் என்று வந்தது என ஊர் வரலாறு சொல்கிறவர்கள் சொல்வார்கள். மலைக்கோட்டைக்கு வரலாறு உண்டு. பள்ளிவாசலுக்கு வரலாறு உண்டு. ஆவாரம்பட்டைத் தொட்டியில் வெந்த கைகளுக்கு எழுதி வைத்த வரலாறு கடன் சீட்டு மட்டும்தான். ஆகவே இந்த மண்ணில் ‘கடன்’ என்ற சொல்லைக் கேட்டதும் ஓர் அப்பன் பயந்தால், அந்தப் பயத்துக்குப் பின்னால் இரண்டு மூன்று தலைமுறை நிற்கிறது.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்பளித்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்காத தோல் தொழிற்சாலைகளை மூடச் சொன்ன அத்தீர்ப்பு, நடவடிக்கை எடுக்க வேண்டிய ஐந்து மாவட்டங்களில் ஒன்றாகத் திண்டுக்கல்லையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. தோலை நம்பி இனி பிள்ளையை வளர்க்க முடியாது என்பது சேரிக்குப் புரிந்துவிட்டது. பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். அப்போது வீட்டில் கேட்ட கேள்வி இதுதான்:

“பி.ஏ. இங்கிலீசு படிச்சா மாசம் எவ்வளவுத்தா வரும்? வாங்குன கடன யாரு கட்டுறது?”

இலக்கியத்தின் அருமை தெரியாத கேள்வி என்று இதைப் பார்த்துச் சிரிக்கிற படித்தவர்கள் உண்டு. நாம் சிரிக்க முடியாது. இதே கேள்வியை நமக்கு முன்பே கேட்டவர் அம்பேத்கர். 1942-ல் வைஸ்ராய் லின்லித்கோவிடம் கொடுத்த மனுவில், கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் மக்களுக்குப் பெரிய பயன் தராது, அறிவியலும் தொழில்நுட்பமும்தான் கைகொடுக்கும், ஆனால் அதற்கு ஆகும் செலவு நம் சக்திக்கு மீறியது என்று அவர் வாதாடினார்.

அவர் அனுபவித்துச் சொன்னது அது. 1913-ல் பரோடா மன்னரின் உதவியில் கொலம்பியாவுக்குப் போகுமுன், படித்து முடித்ததும் 10 ஆண்டுகள் பரோடாவில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கப்பலேறினார். 1917-ல் திரும்பி வந்து வேலையில் சேர்ந்தவருக்கு அந்த ஊரில் தங்க இடம் கொடுக்க ஆளில்லை. 1920-ல் மறுபடி லண்டன் போனபோதும் சேமிப்போடு கடனும் வாங்கித்தான் போனார். இவ்வளவும் பட்ட மனிதர், நம் பிள்ளைகளுக்கு மலிவு வட்டியில் கடன் கொடுங்கள் என்று கேட்கவில்லை. உதவித்தொகை கொடுங்கள் என்று கேட்டார். 1944-ல் பட்டியல் சாதி மாணவர்க்கான மேல்படிப்பு உதவித்தொகை வந்தது அப்படித்தான். அதற்கும் முன்னால், 1893 பிப்ரவரி 1 அன்று சென்னை அரசு போட்ட 68-ஆம் எண் ஆணை பஞ்சமர் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியமும் புறம்போக்கு நிலமும் தரச் சொன்னது. நம் படிப்புக்குப் பணம் போட வேண்டியது அரசு என்பது நூறு ஆண்டுக்கும் மேலாகப் போராடி நிலைநாட்டிய கொள்கை.

அந்தக் கொள்கையில்தான் இன்று ஓட்டை விழுந்திருக்கிறது. 2001-ல் வந்த மாதிரிக் கல்விக்கடன் திட்டம் 4 லட்சம் வரை ஈடு இல்லாமல் கடன் என்றது. 2009-ல் ஏழை மாணவர்க்கு வட்டியை அரசே கட்டும் என்றார்கள். அது தொழிற்படிப்புக்கும் தொழில்நுட்பப் படிப்புக்கும்தான். பி.ஏ. ஆங்கிலம் அதற்கு வெளியே நின்றது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுயநிதிக் கல்லூரியில் பி.ஏ., பிறகு பி.எட். எல்லாம் சேர்த்து 3 லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீத வட்டி, 5 ஆண்டுத் தவணை என்றால் மாதம் சுமார் 6,370 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி தனி. தனியார் பள்ளியில் 12,000 சம்பளம் கிடைத்தால் பாதிக்கு மேல் வங்கிக்கு. மிச்சத்தில் வீட்டு வாடகையா, தம்பி படிப்பா? ஷாப்பில் முன்பணம் பிடித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கைநாட்டு போய்க் கையெழுத்து வந்திருக்கிறது, அவ்வளவுதான். 2016-ல் மதுரையில் ஒரு பொறியியல் பட்டதாரி கடன் வசூல் நெருக்கடியில் உயிரை விட்டார். அவர் கடனை வங்கி ஏற்கெனவே ஒரு தனியார் கம்பெனிக்கு விற்றிருந்தது.

அப்படியானால் ஆங்கிலம் வேண்டாமா? வேண்டும். 1930-ல் லண்டன் வட்டமேசையில் அம்பேத்கரும் ரெட்டைமலை சீனிவாசனும் யார் தயவும் இல்லாமல் நம் வழக்கை நேரே வைத்தது அந்த மொழியில்தான். நீதிமன்றமும் அரசாணையும் வங்கிப் பத்திரமும் அந்த மொழியில் இருக்கிற வரைக்கும் அதை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. பழுது படிப்பில் இல்லை, கடனில் இருக்கிறது.

அந்தக் கடனும் பல வீடுகளில் தேவையில்லாத கடன். அரசுக் கலைக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, திண்டுக்கல்லிலேயே எம்.வி.முத்தையா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. சுயநிதிக் கல்லூரியானாலும், 2012 செப்டம்பரில் ஆதிதிராவிடர் நலத்துறை வெளியிட்ட 92-ஆம் எண் அரசாணை, வருமான வரம்புக்குள் வரும் மாணவரின் கட்டணத்தை அரசு ஏற்கும் என்றது. மதம் மாறிய கிறித்தவ தலித் பிள்ளைகளையும் அது சேர்த்துக்கொண்டது. 2017-ல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை அதிலிருந்து வெட்டினார்கள். அதனால் எந்த ஒதுக்கீட்டில் இடம் என்பதைக் கேட்காமல் சேரக் கூடாது. “மொதல்ல பணத்தக் கட்டு, ஸ்காலர்ஷிப் வந்தா தர்றோம்” என்ற வார்த்தையில்தான் வங்கிக் கடன் வீட்டுக்குள் நுழைகிறது.

“எவ்வளவு சம்பளம் வரும்” என்று மகளிடம் கேட்கிற அப்பன், “எங்க கட்டணத்த ஏன் இன்னும் அனுப்பல” என்று நலத்துறை அலுவலகத்தில் போய்க் கேட்க வேண்டும். தனியாகப் போனால் விரட்டுவார்கள். தெருவே சேர்ந்து போக வேண்டும். முன்பணச் சீட்டை எதிர்த்த தோல் தொழிலாளிகள் தனித்தனியாகவா நின்றார்கள்?