சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை

கொல்கத்தாவுக்கு முதல் தடவை வருகிற சொந்தக்காரர்கள் விக்டோரியா மெமோரியல், காளிகாட், ஹௌரா பாலம் என்று ஒரு பட்டியலோடுதான் வந்து இறங்குவார்கள். டாக்சி பிடித்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பார்கள். நான் அவர்களைச் சியாம்பஜாருக்கு அழைத்துப்போய் எஸ்பிளனேடு போகும் டிராமில் ஏற்றிவிடுவேன். பிறந்து வளர்ந்தது லேக் மார்க்கெட் பக்கத்தில். அப்பா டல்ஹௌசி சதுக்கத்தில் ஓர் ஆபீசில் ஸ்டெனோகிராபராக இருந்தார். இந்த ஊரின் பழைய கதையில் முக்கால்வாசி எனக்கு டிராம் ஜன்னல் வழியாகத்தான் தெரியும். யாரும் வேடிக்கை பார்ப்பதற்காக அந்தத் தண்டவாளத்தைப் போடவில்லை. எங்கே கூட்டம் இருந்ததோ, எங்கே சரக்கு இருந்ததோ, அங்கே போட்டார்கள். அதனால்தான் அதன்மேல் போனால் ஊர் வளர்ந்த விதம் தெரிகிறது.

முதல் பாதையையே பாருங்கள். 1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை குதிரை இழுத்த டிராம் ஓடியது. தூரம் 2.4 மைல். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த ரயில் நின்ற இடம் சியால்தா. ஆர்மீனியன் காட் ஹூக்ளி நதியின் படித்துறை. அப்போது ஹௌராவுக்குப் பாலம் கிடையாது. மிதவைப் பாலமே 1874-ல்தான் வந்தது. ஹௌராவில் ரயிலேற வேண்டியவர்கள் இந்தப் படித்துறையில் டிக்கெட் வாங்கிப் படகில் அக்கரை போவார்கள். ஒரு ரயிலையும் ஒரு நதியையும் ஊருக்குக் குறுக்கே இணைப்பதற்காகப் பிறந்ததுதான் கொல்கத்தா டிராம். போதிய வரும்படி இல்லாமல் அதே ஆண்டு நவம்பர் 20 அன்று நிறுத்திவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தேவை நிற்கவில்லை. லண்டனில் பதிவான கல்கத்தா டிராம்வேஸ் கம்பெனி அதே சியால்தா, அதே படித்துறை என்று மறுபடி தொடங்கியது. பௌபஜார், டல்ஹௌசி சதுக்கம், ஸ்டிராண்ட் ரோடு வழியாகப் போன அந்தப் பாதையை 1880 நவம்பர் 1 அன்று வைஸ்ராய் ரிப்பன் பிரபு திறந்துவைத்தார். சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பெயர் கொடுத்தவர்தான். இழுத்த குதிரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்தவை. நூற்றாண்டின் முடிவில் கம்பெனியிடம் ஏறக்குறைய ஆயிரம் குதிரைகள் இருந்தன. வைகாசி வெயிலில் இந்த ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். குளிர்ச்சியான புல்வெளியிலிருந்து வந்த அந்த வாயில்லா ஜீவன்கள் பாரம் இழுத்தபடியே தெருவில் விழுந்து செத்தன. 1882-ல் நீராவி இஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள். மின்சாரம் 1902 மார்ச் 27 அன்று எஸ்பிளனேடு – கித்திர்பூர் பாதையில் வந்தது. குதிரைகளுக்கு விடுதலை கிடைத்த தேதி என்றே அதை நினைத்துக்கொள்வேன்.

மின்சார டிராமில் சென்னை நமக்கு ஏழு ஆண்டு மூத்தது. 1895 மே 7 அன்றே அங்கே ஓடத் தொடங்கிவிட்டது. அப்பா தட்டெழுத்துப் படிக்கப் போனது அந்த டிராமில்தான். 1953 ஏப்ரல் 12 அன்று நஷ்டக் கணக்கோடு அது நின்றுபோன செய்தியை இங்கே இருந்தபடி படித்து, வீட்டில் ஒருவர் போய்விட்டதுபோல வருத்தப்பட்டாராம். அதற்கப்புறம் டெல்லியிலும் 1964-ல் பம்பாயிலும் டிராம் நின்றது. இந்தியாவில் மிஞ்சியது கொல்கத்தா மட்டும்.

சியாம்பஜார் பாதைக்கு வருகிறேன். ஐந்து தெரு கூடும் முனையில் குதிரைமேல் நேதாஜி. அங்கிருந்து டிராம் பிதான் சரணியில் தெற்கே இறங்கும். பழைய பெயர் கார்ன்வாலிஸ் தெரு. ஹாதிபாகான் நாடகக் கொட்டகைகளின் பேட்டை. ஸ்டார் தியேட்டர் இன்னும் நிற்கிறது. பிறகு ஹேதுவா குளம். குளத்துக்குப் பக்கத்தில் பெத்யூன் கல்லூரி. 1849-ல் பெண்பிள்ளைகளுக்கென்று தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. இன்னொரு பக்கம் விவேகானந்தரும் நேதாஜியும் படித்த ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி. விவேகானந்தர் பிறந்த வீடும் இந்தத் தெருவை ஒட்டிய சந்தில்தான். டன்டனியா காளி கோயிலைத் தாண்டும்போது வண்டியில் பாதிப் பேர் எழுந்திருக்காமலே கையை நெற்றிக்குக் கொண்டுபோவார்கள். டிரைவரும்தான்.

அப்புறம் காலேஜ் தெரு. பிரசிடென்சி, பல்கலைக்கழகம், 1835-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி, இவற்றின் சுற்றுச்சுவர் முழுக்கப் பழைய புத்தகக் கடைகள். டிராம் நடை வேகத்துக்கு இறங்கும்; கடையில் அடுக்கிய புத்தகத்தின் முதுகைப் படிக்கலாம். எத்தனையோ பேர் தலைப்பைப் பார்த்துவிட்டு ஓடும் வண்டியிலிருந்தே குதித்து வாங்கியிருக்கிறார்கள். பௌபஜார் முனையில் குதிரை டிராம் போன அந்தப் பழைய சாலையைக் குறுக்கே கடக்கிறோம். நகைக்கடைகளின் வரிசை அங்கே. கடைசியில் தர்மதலா. இப்போது லெனின் சரணி என்று பெயர். அந்த முனையில் இருக்கும் பள்ளிவாசலைத் திப்பு சுல்தானின் மகன் குலாம் முகம்மது 1842-ல் கட்டினார். 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பிறகு வேலூர்க் கோட்டையிலிருந்த திப்புவின் குடும்பத்தை வெள்ளைக்காரர்கள் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நான் தவறாமல் கைநீட்டிக் காட்டும் இடம் இது. வேலூரில் தொடங்கிய ஒரு கதை இந்த டிராம் நிற்கும் இடத்தில் வந்து முடிகிறது.

அந்தக் காலத்து டிராமில் இரண்டு பெட்டி. முன்பெட்டி முதல் வகுப்பு, மின்விசிறி உண்டு. பின்பெட்டியில் விசிறி கிடையாது, கட்டணம் குறைவு. மாசக் கடைசியில் அப்பா பின்பெட்டிக்கு மாறிவிடுவார். கூலிக்காரர், மூட்டை, கூடை, மீன்காரம்மா எல்லாம் அங்கேதான். 1953 ஜூலையில் கம்பெனி அந்தப் பின்பெட்டிக் கட்டணத்தை ஒரு பைசா கூட்டியது. ஊரே எழுந்துவிட்டது. டிராம்கள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. கடைசியில் கம்பெனி உயர்வைத் திரும்பப் பெற்றது. சுதந்திரம் வந்து ஆறு ஆண்டு ஆகியும் லாபம் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதுதான் அந்த ஒரு பைசாவுக்குப் பின்னால் இருந்த கோபம். கம்பெனி முழுதாக அரசுடைமை ஆனது 1976-ல்.

எங்கள் ராஷ்பிகாரி அவென்யூவில் தண்டவாளம் நடுவே புல்லில் ஓடியது. இரண்டு பக்கமும் மரங்கள். 1954 அக்டோபர் 14 மாலை, தேசப்பிரிய பூங்கா அருகே கவிஞர் ஜீவனானந்த தாஸ் டிராமில் அடிபட்டார். எட்டு நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலும் பெரியவர்கள் அந்த இடத்தைக் கடக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். சத்யஜித் ராய் ‘மகாநகர்’ படத்தைத் தொடங்குவது டிராமின் மேற்கம்பியில் உரசி ஓடும் கழியைக் காட்டித்தான். வேலைக்குப் போகும் நடுத்தரக் குடும்பத்தின் கதைக்கு வேறு எதைக் காட்டித் தொடங்க முடியும்?

தேய்வு எழுபதுகளிலிருந்து. 1971-ல் ஹௌரா பக்கத்துப் பாதைகள் போயின. மெட்ரோவுக்காகச் சௌரங்கியைத் தோண்டியபோது எங்கள் பேட்டையிலிருந்து மைதானத்தை ஒட்டி நேராக எஸ்பிளனேடு போன வழி போயிற்று. 1943-ல் புது ஹௌரா பாலத்தை ஊர்வலமோ விழாவோ இல்லாமல் திறந்தபோது முதலில் கடந்தது ஒரு டிராம். அதே பாலத்தில் 1993-ல் டிராமை நிறுத்தினார்கள். கித்திர்பூர் பாதை 2020 ஆம்பன் புயலில் கம்பி அறுந்ததோடு சரி.

2024 செப்டம்பரில் மாநில அரசு, மைதானத்துக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையில் மட்டும் பாரம்பரியச் சவாரியாக டிராமை வைத்துக்கொள்வதாகவும் மற்றப் பாதைகளை மூடுவதாகவும் சொன்னது. டிராம் சாலையை அடைக்கிறது என்பது காரணம். எனக்கு இதில் சம்மதம் இல்லை. மைதானத்துச் சவாரி அழகானதுதான். மரமும் புல்லும் தூரத்தில் விக்டோரியாவின் வெள்ளைக் கூரையும் தெரியும். ஆனால் பெத்யூன் கல்லூரிக்குப் போகும் பெண்ணும் பௌபஜார் பொற்கொல்லரும் அதில் ஏற மாட்டார்கள். அவர்கள் பக்கத்தில் உட்காராமல் வெளியூர்க்காரருக்கு இந்த ஊரில் என்ன தெரிந்துவிடப் போகிறது? எஸ்பிளனேடில் 1938-ஆம் ஆண்டுப் பெட்டி ஒன்றைச் சிறு அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். பழைய டிக்கெட்டும் தொப்பியும் அதில் இருக்கின்றன. அதுவும் இருக்கட்டும். ஆனால் ஓடுவது ஓட வேண்டும். தண்டவாளத்தின்மேல் தார் ஊற்றி மூடுவதை எதிர்த்து டிராம் பயணிகள் உயர் நீதிமன்றம் போயிருக்கிறார்கள். அந்த வழக்கில் சியாம்பஜார் பாதை பிழைக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.