பிளக் இல்லாத ஓட்டுப் பெட்டி

எழுத்தாளர் சுஜாதா என்றதும் பலருக்குக் கணேஷும் வசந்தும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். என் போன்ற இன்ஸ்ட்ருமெண்டேஷன் ஆசாமிகளுக்கு ரங்கராஜன் என்ற எஞ்சினியர்தான் முதலில் வருவார். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில், அதாவது பி.இ.எல்.லில், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பையும் தயாரிப்பையும் முன்னின்று கவனித்தவர்களில் அவர் ஒருவர். அந்த இயந்திரத்தைப் பற்றி அரசியல் நிறையப் பேசியாகிவிட்டது. இன்று அதன் கரண்ட் செலவைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். அரசியல் தானாகவே பின்னால் வந்து சேரும்.

நெய்வேலிக்காரன் இதை எழுதுவதில் ஒரு வேடிக்கை உண்டு. 1962-ல் முதல் 50 மெகாவாட் யூனிட் ஓட ஆரம்பித்ததிலிருந்து மின்சாரம்தான் இந்த ஊரின் பிழைப்பு. மெகாவாட்டுக்குக் குறைந்து நாங்கள் பேசுவதில்லை. ஆனால் தேர்தல் நாளில் எங்கள் டவுன்ஷிப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியிலும் அந்த இயந்திரத்திலிருந்து சுவருக்கு ஒரு ஒயர் போகாது. பிளக் பாயிண்ட் பக்கத்திலேயே இருந்தாலும் செருக வழியில்லை. மெயின்ஸ் மின்சாரத்தை எதிர்பார்க்கவே கூடாது என்று முடிவு செய்துதான் அதைக் கட்டினார்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. தேர்தல் ஆணையத்தில் 1977-ல் இந்த யோசனை எழுந்தது. ஐதராபாத் இ.சி.ஐ.எல். நிறுவனம் 1979-ல் மாதிரி ஒன்றைச் செய்தது. 1980 ஆகஸ்ட் 6-ம் தேதி கட்சிப் பிரதிநிதிகளுக்கு அதை இயக்கிக் காட்டினார்கள். அடுத்த வருடம், 1981-ல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது இந்தியாவில் நூற்றுக்கு 26 வீடுகளில்தான் மின்விளக்கு. 2001-லும் அது 56-ஐத் தாண்டவில்லை. மின்சாரம் உள்ள ஊரில் மெஷின், இல்லாத ஊரில் சீட்டு என்று ஒரே தேர்தலை இரண்டாகப் பிரித்து நடத்த முடியாது. ஆகவே மலைக்கிராமத்துக்கு எது தோதோ அதுதான் மவுண்ட் ரோட்டுக்கும்.

முதல் சோதனை 1982 மே மாதம், கேரளத்தில் பரவூர் சட்டமன்றத் தொகுதியின் 50 வாக்குச்சாவடிகளில். சிவன் பிள்ளை 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி.ஜோஸ் உச்சநீதிமன்றம் வரை போனார். சட்டத்தில் இயந்திரம் என்ற பேச்சே இல்லை, ஆகவே செல்லாது என்று 1984-ல் தீர்ப்பு. அந்த 50 சாவடிகளிலும் சீட்டு வைத்து மறுபடி வாக்குப்பதிவு நடந்தது. இந்த முறை ஜோஸ் ஜெயித்தார். 1988 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி இயந்திரத்துக்கு இடம் கொடுத்தது. 1989-90 வாக்கில் வாங்கிய இயந்திரத்தின் விலை, பேட்டரி உட்பட, 5,500 ரூபாய்.

இனி உள்ளே போவோம். அந்த இயந்திரம் ஓடுவது 7.5 வோல்ட் பேட்டரியில். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஐந்தை வரிசையாக அடுக்கினால் வரும் அளவு. மாதிரி வாக்குப்பதிவு, எட்டு மணி நேரத்துக்குக் குறையாத அசல் வாக்குப்பதிவு, பிறகொரு நாள் எண்ணிக்கை, எல்லாவற்றுக்கும் அது தாங்க வேண்டும்.

இது எவ்வளவு கஷ்டம் என்று புரிய அந்தக் காலத்து சிப்புகளைப் பார்க்க வேண்டும். மைக்ரோகண்ட்ரோலர் என்பது கணக்குப் போடும் பகுதி, நினைவகம், வெளியே இருக்கும் சுவிட்சுகளோடும் விளக்குகளோடும் பேசும் கால்கள் எல்லாம் ஒரே சிப்பில் அடங்கியது. ஓட்டு இயந்திரத்தில் இருந்தது வேறு சிப். ஆனாலும் எல்லோருக்கும் பழக்கமான 8051-ஐ உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். 1980-ல் வந்த முதல் 8051, என்-மாஸ் முறையில் செய்தது. சும்மா இருந்தாலும் வேலை செய்தாலும் நூறு மில்லிஆம்பியருக்கு மேல் குடிக்கும். பிறகு சி-மாஸ் முறையில் செய்த 80சி51 வந்தது. அதே வேலைக்குச் சுமார் 20 மில்லிஆம்பியர்தான். 'ஐடில்' என்று அரைத்தூக்கத்தில் வைத்தால் நாலைந்து மில்லிஆம்பியர். முழுத் தூக்கத்தில் வைத்தால் மில்லிஆம்பியரில் சொல்வதற்கே ஒன்றும் இல்லை.

2,000 மில்லிஆம்பியர்-மணி உள்ள ஒரு பேட்டரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 125 மில்லிஆம்பியர் இழுத்தால் 16 மணி நேரத்தில் தீரும். 20 என்றால் 100 மணி. 5 என்றால் 400 மணி. எஞ்சினியரின் கெட்டிக்காரத்தனம் பெரிய பேட்டரி போடுவதில் இல்லை. சிப்பை எவ்வளவு நேரம் தூங்க வைக்கிறார் என்பதில் இருக்கிறது.

சி-மாஸின் ரகசியம் இதுதான்: அதிலுள்ள டிரான்சிஸ்டர்கள் நிலை மாறும்போதுதான் மின்சாரம் செலவாகிறது, மாறாமல் நிற்கும்போது ஏறக்குறைய செலவே இல்லை. எனவே கடிகாரத் துடிப்பை மெதுவாக்கினால் செலவு அதே விகிதத்தில் குறையும். வோல்டேஜைப் பாதியாக்கினால் கால்வாசியாகும். நல்ல சிக்கன சர்க்யூட் என்பது, ஆள் வந்து மணி அடித்தால் எழுந்து, வேலையை முடித்துவிட்டு, மறுபடி திண்ணையில் படுத்துக்கொள்கிற வாட்ச்மேன் மாதிரி.

ஆனால் சிப்பை விடப் பெரிய செலவாளிகள் வெளியே இருக்கிறார்கள். விளக்கு, திரை, மோட்டார், ஹீட்டர். இங்கேதான் நம் எஞ்சினியர்கள் செய்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. வாக்காளர் பார்ப்பதற்குத் திரையே கிடையாது. பெயரும் சின்னமும் அச்சடித்த சாதாரணக் காகிதம். அதை வாக்குச்சீட்டுப் பகுதியின் மேல் செருகிவிடுகிறார்கள். காகிதத்துக்கு மின்சாரம் வேண்டாம், மே மாத வெயிலில் மங்காது, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சின்னம் தெரியும். மற்றபடி இருப்பதெல்லாம் தயார் என்று சொல்லும் பச்சை விளக்கு, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு நீளமான 'பீப்'. எண்களைக் காட்டும் சின்னப் பலகை அதிகாரியின் மேஜையில் உள்ள கட்டுப்பாட்டுப் பகுதியில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது 5 மீட்டர் கேபிள். பிரேசிலும் 1996 முதல் இயந்திரத்தில்தான் ஓட்டுப் போடுகிறது. அங்கே திரை உண்டு, வேட்பாளரின் போட்டோவே தெரியும். அதனால் அது மெயின்ஸில் ஓட, உள்ளே பேட்டரி துணைக்கு இருக்கிறது. நம்முடையதில் துணைக்குக்கூட மெயின்ஸ் இல்லை.

அடுத்தது ஞாபக சக்தி. 2019-ல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 18 வாக்குப்பதிவு, மே 23 எண்ணிக்கை. நடுவில் 35 நாள் இயந்திரங்கள் ஸ்ட்ராங் ரூமில் அணைந்து கிடந்தன. பேட்டரி இருந்தால்தான் நினைவு நிற்கும் என்றால் கதை என்ன ஆகும்? இ.இ.ப்ராம் வகை நினைவகத்தில் இந்தக் கவலை இல்லை. நாலு பக்கமும் மின்காப்புப் பூச்சு சூழ்ந்த ஒரு சின்ன அறைக்குள் எலக்ட்ரான்களைத் தள்ளிப் பூட்டிவிடுகிறது. பேட்டரியைக் கழற்றினாலும் அவை வெளியே வராது. பத்து வருடமும் அதற்கு மேலும் தாங்கும் என்பது தேர்தல் ஆணையத்தின் கணக்கு.

வேகம் வேண்டாம் என்பதும் ஒரு சிக்கனமே. நிமிடத்துக்கு ஐந்து ஓட்டுக்கு மேல் இயந்திரம் ஏற்காது. பழைய நாட்களில் சாவடியைக் கைப்பற்றியவர்கள் சீட்டுக் கட்டுகளைக் குத்திக் குத்திப் பெட்டிக்குள் தள்ளியது உங்களுக்கு நினைவிருக்கும். இங்கே அந்த அவசரம் செல்லாது. போலீஸ் வருவதற்குள் எத்தனை போட முடியும்? அதிகாரி 'க்ளோஸ்' பட்டனை அழுத்திவிட்டால் அதுவும் இல்லை. மெதுவாக வேலை செய்வது பேட்டரிக்கும் நல்லது, ஜனநாயகத்துக்கும் நல்லது என்று அமைந்த அபூர்வமான இடம் இது.

சிக்கனத்துக்கு எல்லையும் உண்டு. ஒரு வாக்குச்சீட்டுப் பகுதியில் 16 பெயர். பழைய இயந்திரத்தில் நாலு பகுதிகளைத்தான் கோக்கலாம், ஆக 64. 1996-ல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்களே, அந்த மாதிரி தொகுதி வந்தால் பழையபடி சீட்டுதான். இப்போதைய மூன்றாம் தலைமுறை இயந்திரத்தில் 24 பகுதிகள் வரை கோக்கலாம். 2019-ல் நிஜாமாபாத்தில் 185 வேட்பாளர்களுக்கு 12 பகுதிகளை வரிசையாக வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் எல்லாத் தொகுதிகளிலும் இயந்திரம் வந்தது 2001 மே 10 சட்டமன்றத் தேர்தலில். 2004-ல் நாடு முழுக்க 543 தொகுதிகளிலும். அதுவரை வாக்கு எண்ணிக்கை என்றால் விடிய விடிய நடக்கும். அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பட்டாசுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

இதுவரை சொன்னது பெருமை. இனி சங்கடம்.

சீட்டில் முத்திரை குத்தி மடித்துப் பெட்டிக்குள் போட்டபோது என் ஓட்டு போவதை நானே பார்த்தேன். இயந்திரத்தில் விளக்கு எரிவதை மட்டும் பார்க்கிறேன். விளக்கு எரிந்ததும் நினைவகத்தில் பதிந்ததும் ஒன்றுதான் என்பதை நான் நம்பத்தான் வேண்டும். சிப்பில் ஒரே ஒரு முறைதான் நிரலைப் பதிக்க முடியும், பிறகு யாராலும் மாற்ற முடியாது என்றார்கள். உண்மைதான். ஆனால் மாற்ற முடியாத சிப்பை வெளியிலிருந்து படித்துச் சரிபார்ப்பதும் கஷ்டம். பூட்டு நல்ல பூட்டு என்பதால் வீட்டுக்காரனும் வெளியே நிற்கிறான்.

2010-ல் ஐதராபாத் எஞ்சினியர் ஹரி பிரசாத், அமெரிக்கப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மன், நெதர்லாந்தின் ராப் கோங்கிரிப் ஆகியோர் ஓர் இயந்திரத்தைப் பிரித்து ஆராய்ந்தார்கள். எண் காட்டும் பலகைக்கு அடியில் இன்னொரு குட்டி மைக்ரோகண்ட்ரோலரையும் ப்ளூடூத் சிப்பையும் ஒளித்துவைத்துப் பொய்யான முடிவைக் காட்ட முடியும் என்று செய்து காட்டினார்கள். எந்தச் சிக்கனச் சிப் நமக்குக் கைகொடுத்ததோ, அதே வகைச் சிப் திருடனுக்கும் கைகொடுக்கிறது. இயந்திரம் யார் கைக்கும் தனியாகப் போகாது, சீல் இருக்கிறது, காவல் இருக்கிறது என்றது ஆணையம். அதுவும் நியாயமான பதில்தான். ஆனால் அந்தப் பதிலில் பாதுகாப்பு சர்க்யூட்டிலிருந்து நகர்ந்து அரக்கு சீலுக்குப் போய்விட்டதைக் கவனியுங்கள். ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009-ல் தங்கள் நாட்டு இயந்திரங்களை நிறுத்தியதற்குச் சொன்ன காரணமும் இந்த வழியில்தான் வரும்: நிபுணராக இல்லாத சாதாரணக் குடிமகனும் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

நம் ஊர்த் தீர்வு விவிபேட். 2013 செப்டம்பரில் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வந்தது. அடுத்த மாதமே, சுப்ரமணியன் சுவாமி தொடுத்த வழக்கில், இதைப் படிப்படியாகக் கொண்டுவர உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டனை அழுத்தியதும் சின்னம் அச்சான சீட்டு கண்ணாடிக்குப் பின்னால் 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுகிறது.

சர்க்யூட்காரன் கண்ணால் இதைப் பாருங்கள். சூட்டால் அச்சடிக்கும் பிரிண்டர், காகிதத்தை இழுக்கும் மோட்டார், சீட்டைக் காட்டும் விளக்கு. இத்தனை வருடமாக எவற்றையெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கினார்களோ அவை அத்தனையும் உள்ளே வந்துவிட்டன. விவிபேட்டுக்குத் தனி பேட்டரி, 22.5 வோல்ட். ஓட்டைப் பதிவு செய்ய 7.5, பதிந்தது என்று உங்களுக்குக் காட்ட அதைப் போல மூன்று பங்கு. வோல்ட் மட்டுமே மின்செலவைச் சொல்லிவிடாது என்பது தெரியும். இருந்தாலும் எண்ணுவதற்கு ஆவதை விட நம்பவைப்பதற்குத்தான் அதிகம் ஆகிறது.

இதை வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை. மின் நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். நூற்றுக்கணக்கான மெகாவாட் செய்யும் இடத்திலும் ஓர் அறை நிறைய பேட்டரி வைத்திருப்போம். எல்லாம் நின்றுபோனாலும் பிரேக்கர் திறக்க வேண்டும், அபாய விளக்கு எரிய வேண்டும். பெரிய காலம் அது சும்மாதான் இருக்கும். சும்மா இருக்கிறதே என்று யாரும் கழற்றிப் போடுவதில்லை. விவிபேட் சீட்டும் அப்படித்தான். இப்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணி ஒப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் எண்ண வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் உச்சநீதிமன்றம் ஏற்கவில்லை. வேட்பாளர் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களின் மைக்ரோகண்ட்ரோலரைச் சோதிக்கலாம் என்று ஒரு வாசலைத் திறந்தது. இரண்டாம் மூன்றாம் இடம் வந்தவர்களுக்கு மட்டும்தான் அந்த வாசல்.

என் அபிப்பிராயம்: ஐந்து என்பது குறைவு. அச்சாகி விழுந்த சீட்டுக்கு இனி பேட்டரி செலவு கிடையாது. எண்ணுகிற ஆளின் நேரம்தான் செலவு. சர்க்யூட்டில் மில்லிஆம்பியர் மில்லிஆம்பியராக மிச்சம் பிடித்தவர்களை எனக்கு மெச்சத் தோன்றுகிறது. மின்கம்பமே பார்க்காத ஊருக்கும் தலைநகரத்துக்கும் ஒரே ஓட்டுப் பெட்டி கிடைத்தது அவர்களால். அந்தச் சிக்கனத்தைச் சீட்டு எண்ணுவதிலும் காட்ட வேண்டியதில்லை.